நாலாவது கட்டை

அக்டோபர் 19, வியாழன்

டயர் கடைக்காரன் என் வண்டியைத் தூக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பனிக்கால டயர் நான்கையும் பின்சீட்டில் அடைத்துக்கொண்டு போனேன். அவன் குனிந்து வண்டியின் கீழ் விளிம்பைத் தடவிப் பார்த்து, கெட்ட செய்தி சொல்லப்போகும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். ஜாக்கி வைக்கிற இடங்களில் நாலு பிளாஸ்டிக் கட்டை இருக்க வேண்டுமாம். ஒன்று இல்லவே இல்லை. இரண்டு விண்டுபோயிருக்கிறது. நாலாவது துருவோடு துருவாக ஒட்டிக்கிடக்கிறது. கட்டை இல்லாமல் தூக்கினால் ஜாக்கி நழுவி வண்டியின் விளிம்பு நசுங்கும், அப்புறம் என்னைத்தான் திட்டுவீர்கள் என்றான். நீயே போட்டுக் கொடேன் என்றேன். ஊரில் பாதிப் பேர் டயர் மாற்ற வரிசையில் நிற்கிறார்கள், நவம்பர் கடைசியில் வாருங்கள் என்றான்.

பதினெட்டு வருஷத்து ஜெர்மன் வண்டி. எஸ்கோ என்னை விட்டுப் போனபோது எனக்குக் கிடைத்த இரண்டு பொருள்களில் ஒன்று. இன்னொன்று சனிக்கிழமை ஆறு மணி சவுனா. இந்தக் குடியிருப்பில் முப்பது வீட்டுக்கும் சேர்த்து அடித்தளத்தில் ஒரே ஒரு சவுனா, உட்கார்ந்து வேர்க்கிற நீராவி அறை. வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், யாருக்கு எப்போது என்று மாடிப்படி பக்கத்தில் பட்டியல் தொங்கும். சனிக்கிழமை ஆறு மணி வேண்டுமென்றால் அந்த முறைக்காரர் செத்துப்போக வேண்டும், இல்லை வீட்டை விற்க வேண்டும். விவாகரத்தில் நாங்கள் உண்மையாகச் சண்டை போட்டது அது ஒன்றுக்குத்தான். நான் ஜெயித்தேன்.

மத்தியானம் பட்டாணி சூப். வாய் கசந்தது, சூப்பால் அல்ல.

அக்டோபர் 20, வெள்ளி

இன்று ஆய்வகத்தில் என்னிடம் ரத்தப் பரிசோதனைக்கு வந்த ஆண்களில் மூன்று பேர் ஜாக்கி எப்படி வைப்பது என்று எனக்கு வகுப்பெடுத்தார்கள். அதில் ஒருவர் ஊசியைப் பார்த்ததும் மயங்கிவிட்டார்.

அக்டோபர் 22, ஞாயிறு

மகள் ஐனோ ஃபோனில் பேசினாள். கால் வீக்கமாம், தூக்கமில்லையாம். நவம்பர் நடுவில் என்று டாக்டர் சொன்னாலும் குழந்தை அதற்கு முன்னாலேயே வரும் போலிருக்கிறதாம். "அம்மா, பேசாம ரயில்ல வந்துடேன். கோவொலாலேந்து லப்பேன்ராந்தா என்ன தூரமா?" என்றாள்.

தூரமில்லை. அதுவா விஷயம்?

விஷயம் ஜூன் மாதத்தில் இருக்கிறது. ஏரிக்கரையில் கோடை விழா, மொத்தக் குடும்பமும் கூடியிருக்கிறது. இனிமேல் வண்டிக்கு ஒருத்தர் தயவும் எனக்கு வேண்டாம் என்று நான் சொன்னேன். எஸ்கோ தொத்திறைச்சியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான்: "மொத பனி விழட்டும். ரித்வா எனக்கு ஃபோன் பண்ணுவா." எல்லாரும் சிரித்தார்கள். என் சொந்தத் தங்கையும் சிரித்தாள். அவளுக்குத்தான் சத்தம் அதிகம்.

ஆகையால் எழுதி வைக்கிறேன். முதல் பேரப்பிள்ளையைப் பார்க்க என் வண்டியில், நானே மாட்டிய கட்டையில் ஜாக்கி வைத்து, நானே மாட்டிய டயரில் போவேன். வேறொருத்தர் விரல் அதில் படக்கூடாது. எஸ்கோவுக்கு ஃபோன் கிடையாது. கிடையவே கிடையாது.

அக்டோபர் 25, புதன்

உதிரிபாகக் கடையில் நாலு கட்டை வாங்கிவிட்டேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, கறுப்பு, முதுகில் நாலு பிளாஸ்டிக் கொக்கி. இதற்காகவா இத்தனை அலைச்சல்? பழசை நெம்பி எடுக்க வேண்டும், ஓட்டையைச் சுத்தம் பண்ண வேண்டும், புதுசை அழுத்தினால் 'டக்' என்று உட்கார்ந்துவிடும். அவ்வளவுதான்.

கவுன்டர் பையன், "உங்க வீட்டுக்காரருக்கா?" என்று கேட்டான்.

"இல்ல. வண்டிக்கு" என்றேன்.

அக்டோபர் 28, சனி

'அவ்வளவுதான்' என்று எழுதிய கையை உடைக்க வேண்டும்.

மத்தியானம் முழுக்க வண்டி நிறுத்துமிடத்தில் கிடந்தேன். ஐனோ சின்ன வயதில் பனியில் சறுக்கிய சிவப்புப் பலகையைப் போட்டு, அதன்மேல் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் தலையைக் கொடுத்தேன். விண்டுபோன இரண்டையும் நெம்பி எடுத்துவிட்டேன். மண்ணும் உப்பும் துருவும் கண்ணிலும் வாயிலும் கொட்டியது. நாலாவது, அந்தத் துருவில் ஒட்டியது, பின்பக்கம் வலது, அசையவே இல்லை. திட்டினேன், கெஞ்சினேன், கடைசியில் சுத்தியலால் உடைத்து எடுத்தேன். ஓட்டை நான்கையும் கம்பித் தூரிகையால் தேய்த்து மெழுகு தடவி முடித்தபோது கை விறைத்துவிட்டது. சரி, புதுசைப் போடலாம் என்றால் கொக்கி உள்ளே இறங்கவில்லை. குளிரில் பிளாஸ்டிக் கல்லாகிவிட்டது.

குடியிருப்பில் ஒருவர்கூட எட்டிப் பார்த்து என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. எல்லாரும் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்துதான் பார்த்தார்கள். மூன்றாம் மாடி தவுனோ மட்டும் பால்கனியில் தொப்பியோடு நின்றிருந்தார். மனைவி போன பிறகு அந்த மனிதர் யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை. அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை.

அதற்குள் மணி ஆறாகிவிட்டது. கட்டைக்காகச் சவுனாவை விடுவேனா? புதுக் கட்டையையும் சாமானையும் வாளிமேல் அப்படியே போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டேன். நன்றாகச் சுட்டது. உடம்பு திரும்ப என்னுடையதானது.

வெளியே வரும்போது வழக்கம்போலப் படியில் தவுனோ. எனக்கு அடுத்த முறை, ஏழு மணி, அவருடையது. பதினோரு வருஷமாக எங்களுக்குள் ஒரே பேச்சுதான். அவர் "சூடு எப்படி இருக்கு?" என்பார், நான் "நல்லா இருக்கு" என்பேன். இன்றும் அதுதான். ஆனால் மனிதர் இரண்டு கையும் கரியாக வந்திருந்தார். குளிக்கத்தானே வருகிறார், போகட்டும்.

அக்டோபர் 29, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது?

காலையில் காப்பியோடு கீழே போனேன். நாலு கட்டையும் மாட்டியிருக்கிறது. நாலும்! நேராக, இறுக்கமாக, துடைத்துவிட்டு வேறு போயிருக்கிறது. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் என் சாமானை வரிசையாக அடுக்கியிருக்கிறது.

யார் செய்திருப்பார்கள்? சனிக்கிழமை ஆறிலிருந்து ஏழு வரை நான் எங்கே இருப்பேன் என்று யாருக்குத் தெரியும்? இருபது வருஷம் அதே முறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வேர்த்தவனுக்குத் தெரியும். ஐனோ ஏதாவது உளறியிருப்பாள். உடனே கிளம்பி வந்திருக்கிறான், திருடன் மாதிரி. நாளைக்குக் குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லுவான், நான்தான் போட்டேன் என்று. ஐயோ, என் தங்கை வேறு அங்கே இருப்பாள்.

நேரே மேலே வந்து ஃபோனை எடுத்தேன்.

"என் வண்டியத் தொடுன்னு உன்ன யாரு கூப்ட்டா?"

"யாரு?"

"யாரா? ரித்வா!"

கொட்டாவிச் சத்தம். "ரித்வா, மணி ஏழு. இன்னிக்குக் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால மாத்துற நாளு. மாத்தலையா நீ?"

"பேச்ச மாத்தாத. கட்டையப் போட்டது நீதானே?"

"என்ன கட்ட? நான் ஒரு வாரமா ஜலதோஷத்துல படுத்துக் கெடக்கேன்." அப்புறம் ரொம்ப மெதுவாக, குழந்தையிடம் பேசுகிற குரலில் கேட்டான்: "அங்க பனி பெய்யுதா?"

ஜன்னலைப் பார்த்தேன். பெய்துகொண்டிருந்தது. லேசாக, அழகாக, இந்த வருஷத்தின் முதல் பனி.

அவன் சிரிக்க ஆரம்பித்தான். சளியும் சிரிப்புமாக. நான் வைத்துவிட்டேன்.

ஏன் ஃபோன் பண்ணினேன்? பண்ண மாட்டேன்னு எழுதி வச்சவளே நான்தானே. ஏன்டி பண்ணின?

நான் செய்ததை எழுதத்தான் வேண்டும். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கீழே போய், அவன் போட்ட கட்டைகளைப் பிடுங்கினேன். ஒன்று முழுசாக வந்தது. அடுத்த இரண்டும் குளிரில் பிஸ்கட் மாதிரி உடைந்தன. நாலாவது, பின்பக்கம் வலது, அசையவில்லை. ஓங்கி அடித்திருக்கிறான். மூக்கு ஒழுக, வேலைக்குப் போட்டுப்போகும் நல்ல கோட்டோடு பனியில் படுத்துக்கொண்டு, சரியாக இருந்த ஒரு வேலையை உடைத்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கினால் பால்கனியில் தவுனோ. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

அக்டோபர் 30, திங்கள்

நேற்று எழுதியதைப் படித்தேன். இந்தப் பெண்ணுக்கு யாரும் ஸ்க்ரூடிரைவர் கொடுக்கக்கூடாது.

நவம்பர் 2, வியாழன்

மறுபடி கட்டை வாங்கினேன். கவுன்டர் பையன் கேள்வி எதுவும் கேட்கவில்லை, கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றான்.

இந்த முறை பொட்டலம் என் கைப்பையில். வேலைக்குப் போனால் வேலைக்கு, கடைக்குப் போனால் கடைக்கு. எஸ்கோ சத்தியம் பண்ணுகிறான், ஐனோவும் தான் ஒன்றும் சொல்லவில்லை என்கிறாள். நான் நம்பவில்லை. ராத்திரி பூதமா வந்து போட்டது?

நவம்பர் 4, சனி, இறந்தோர் நினைவு நாள்

காலையில் அம்மா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினேன். கைப்பையைப் பக்கத்தில் வைத்திருந்தேன். அம்மா இருந்தால், அதில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டு, பதிலைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

சாயங்காலம் சவுனாவுக்குப் போகும்போது யோசனை. கட்டையை வெளியே வைத்தால் அவன் திரும்ப வந்துவிட்டால்? அதனால் பொட்டலத்தையும் உள்ளே எடுத்துப் போனேன். ஆமாம். ஐம்பத்தொன்பது வயது, முப்பது வருஷ அனுபவமுள்ள அரசு ஊழியை, அம்மணமாக, நாலு ஜாக்கிக் கட்டையோடு சவுனாவில் உட்கார்ந்திருந்தேன். உட்காரும் பலகைகளில் சூடு அதிகமான மேல் படி அவற்றுக்கு, கீழ் படி எனக்கு.

கொஞ்ச நேரம் கழித்து நகர்த்திவைக்கலாம் என்று ஒன்றைத் தொட்டேன். வளைந்தது! கல்லாக இருந்த கொக்கி விரலுக்கு இணங்கி வளைந்து திரும்பியது. ஒரு நிமிஷம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எழுந்தேன். துவாலை அங்கி, பனிக்காலப் பூட்ஸ், நெற்றி விளக்கு. கட்டைகளைத் துண்டில் சுற்றி, புதுசாகப் பிறந்ததை ஏந்துகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். சிவப்புப் பலகையில் படுத்தேன். உடம்பிலிருந்து ஆவி பறந்தது.

டக்.

டக்.

டக்.

உள்ளங்கையால் அழுத்தினேன், அவ்வளவே. சுத்தியலே வேண்டியிருக்கவில்லை. அழுகை வந்தது, அழுதேன். வண்டிக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள்?

பக்கத்தில் இரண்டு செருப்பு வந்து நின்றது. தவுனோ. தோளில் துண்டு, கையில் சவுனாவில் உடம்பில் அடித்துக்கொள்ளும் பூர்ச்ச மரக் கிளைக் கட்டு. தன் முறைக்குப் போகிறவர், வழியில் ஆவி பறக்கும் ஒரு பெண்பிள்ளை அங்கியோடு வண்டிக்கு அடியில் கிடப்பதைப் பார்க்கிறார். ரொம்ப நேரம் யோசித்தார்.

"சூடு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றேன், அடியிலிருந்தபடியே.

போய்விட்டார்.

இனி நாலாவதுதான் பாக்கி. எஸ்கோ போட்ட அந்தச் சனியனைப் பிடுங்கிவிட்டு என்னுடையதைப் போட வேண்டும். அப்போதுதான் இது என் வண்டி.

நவம்பர் 5, ஞாயிறு

ஸ்க்ரூடிரைவர் வளைந்துவிட்டது. கட்டை வளையவில்லை.

நவம்பர் 6, திங்கள்

இன்று காலை வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்களில் தவுனோவும் இருந்தார். என் நாற்காலியில்தான் உட்கார வேண்டியிருந்தது. சட்டைக் கையை மடித்தார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊசி பயம் போலிருக்கிறது. நரம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சுவரைப் பார்த்துப் பேசினார். சவுனாப் படிக்கு வெளியே அவர் குரலை நான் கேட்பது இதுவே முதல் தடவை.

"தப்பாப் போட்டுட்டேனா?"

"என்னது?"

"கட்டைங்க. கழட்டிட்டீங்களே. மூணையும்."

நல்லவேளை, ஊசி இன்னும் என் கையில்தான் இருந்தது, அவருக்குள் போயிருக்கவில்லை.

முகத்தைத் திருப்பாமலே மீதியையும் அவரே சொன்னார். மத்தியானம் முழுக்க மேலேயிருந்து பார்த்தாராம். இறங்கி வந்து கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன் என்று தெரியுமாம். "நீங்க சவுனால இருக்கறப்ப செஞ்சா கேக்க வேண்டியதில்ல, நீங்களும் வேணாம்னு சொல்ல வேண்டியதில்ல. அதான்." இன்னொரு தடவை சுவரிடம் கேட்டார்: "திசை மாத்திப் போட்டுட்டேனோ?"

"இல்லங்க. சரியாத்தான் போட்டிருந்தீங்க."

"அப்ப ஏன்?"

என்ன சொல்வது? அது உங்களுடைய கை என்று தெரியாமல் செய்தேன் என்றா? தெரிந்திருந்தாலும் கழற்றியிருப்பேன் என்றா? "கொஞ்சம் குத்தும்" என்றேன். அதைத்தான் எல்லாருக்கும் சொல்கிறேன். அவர் தலையை ஆட்டினார். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

நாள் முழுக்க வேலை ஓடவில்லை. அந்த மனிதர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணை விட்டுப் போகவில்லை. வெட்கமாக இருக்கிறது. ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 7, செவ்வாய்

நேரில் போய் மன்னிப்புக் கேட்கலாமா? கேட்டால் மனிதர் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுவார். ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கதவுக் குமிழில் மாட்டிவிட்டு ஓடிவிடலாமா? யார் வைத்தது என்று தெரியாமல் அவரும் யாரையாவது கூப்பிட்டுக் கத்தினால்?

வேலையிலிருந்து வந்து டயர்களைக் கீழே உருட்டினேன். பால்கனியில் அவர். நான் செய்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. முற்றத்தின் நடுவில் நின்று, இந்தக் குடியிருப்பு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

"தவுனோ! கீழ வாங்க! எதையும் தொடக்கூடாது. சும்மா உக்காருங்க!"

பத்துத் திரைச்சீலையாவது அசைந்திருக்கும். அவர் உடனே வந்துவிட்டார். கோட்டும் பூட்ஸும் முன்பே போட்டுத்தான் நின்றிருக்கிறார்.

வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். எதையும் தொடவில்லை, பேசவும் இல்லை. நான் வண்டியைத் தூக்கிவிட்டு நட்டைக் கழற்றப் பார்த்தேன். ஸ்பானரோடு சக்கரமும் சேர்ந்து சுற்றியது. கையால் பிடித்தேன், காலால் உதைத்தேன், சக்கரத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். கடைசியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அவர் தொண்டையைச் செருமினார்.

"தூக்கறதுக்கு முன்னாடி நட்டத் தளத்தணும்."

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"சும்மா உக்காரத்தான சொன்னீங்க."

நான் சிரித்தேன். அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை, மீசை கொஞ்சம் நகர்ந்தது. வண்டியை இறக்கி, நட்டைத் தளர்த்தி, திரும்பத் தூக்கினேன். நாலு சக்கரமும் நானே மாற்றினேன். இருட்டியதும் அவர் டார்ச் பிடித்தார். டார்ச்சைத் தொடலாம் என்று விதியைத் திருத்தினோம்.

நவம்பர் 8, புதன்

ராத்திரி முழுக்கப் பனி கொட்டித் தீர்த்தது. டயர் கடை வாசலில் வரிசை நெடுஞ்சாலை வரை. எனக்கு அந்தப் பக்கம் வேலையில்லை, ஆனாலும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போனேன், ரொம்ப மெதுவாக.

நவம்பர் 10, வெள்ளி. லப்பேன்ராந்தா

பேத்தி.

நேற்று விடியும் முன் மாப்பிள்ளை ஃபோன் செய்தான், வலி எடுத்துவிட்டதென்று. வழியெல்லாம் பனி. எதிரே லாரி கிளப்பிய தூளில் சாலையே காணாமல் போயிற்று. வண்டி ஒரு இடத்தில்கூட வழுக்கவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து ஒரு காப்பி குடிப்பதற்குள் அவள் பிறந்துவிட்டாள். சிவந்து, முகம் சுருங்கி, சவுனாவில் ரொம்ப நேரம் இருந்துவிட்டு வந்தவள் மாதிரி. கையில் வாங்கினேன்.

எஸ்கோ இன்று மத்தியானம்தான் வந்தான், ரயிலில். அவன் வண்டி டயர் கடை வரிசையில் நிற்கிறதாம். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் எத்தனை சுகம் என்று இப்போதுதான் தெரிகிறது.

குழந்தையைக் கொஞ்சிவிட்டுச் சிகரெட் பிடிக்கக் கீழே போனவன் ரொம்ப நேரம் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் என் வண்டிப் பக்கத்தில் பனியில் மண்டி போட்டு, அடியில் கையைவிட்டுத் தடவிக்கொண்டிருக்கிறான். மேலே வந்ததும் முழங்காலைத் தட்டிக்கொண்டே கேட்டான்.

"மூணு ஒரு மாதிரி, ஒண்ணு ஒரு மாதிரி இருக்கே. பின்னாடி வலது பக்கம் வேற ஆள் கை. யாரு அது?"

என் தங்கை பத்திரிகையை இறக்கினாள். ஐனோகூடத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

அந்த நாலாவது கட்டைக்குப் பதிலாகப் போட வேண்டிய புதுசு இன்னும் என் கைப்பையில்தான் கிடக்கிறது. செவ்வாய்க்கிழமையே பிடுங்கிப் போட்டிருக்கலாம். வளையாத ஸ்க்ரூடிரைவர் தவுனோவிடம் இருக்கிறது, கேட்டால் கொடுத்திருப்பார். கேட்கவில்லை. அந்த மூலையில் ஜாக்கியை வைத்து ஏற்றியபோது வண்டி ஆடாமல் அசையாமல் எழும்பியது.

"மூணு நான் போட்டது" என்றேன். "அது தவுனோ."

"யாரு தவுனோ?"

என்ன சொல்லலாம் என்று நிஜமாகவே யோசித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் இல்லை, மூன்றாம் மாடி. நண்பர் என்றால் பேசியிருக்க வேண்டும்.

"சனிக்கிழம ஏழு மணிக்காரர்."

யாரும் சிரிக்கவில்லை. எஸ்கோ மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி, டயர் நல்ல டயர் என்றான்.

ஐனோ ஞாயிற்றுக்கிழமை வரை இருக்கச் சொல்கிறாள். முடியாதும்மா என்றேன். திங்கட்கிழமை, வாரம் முழுக்க லீவு போட்டுவிட்டுத் திரும்ப வருகிறேன். ஆனால் நாளைக்குச் சனிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு நான் வீட்டில் இருந்தாக வேண்டும்.